கறுப்பு ஜன்னலைத் திறந்த பிறகு: டெர்மினல் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சின்ன அறையில் பழைய தமிழ்ப் புத்தகங்களை ஸ்கேன் பண்ணி, உள்ளே சொல் தேடக்கூடிய பிடிஎஃப் ஆக்கிக் கொடுக்கிறேன், பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த ஆவணங்களை யுனிகோடுக்கு மாற்றியும் கொடுக்கிறேன். இதற்கு அருமையான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் பலவற்றுக்கு பொத்தான் இல்லை, டெர்மினல் என்ற கறுப்பு ஜன்னலில் எழுத்தில்தான் கட்டளை கொடுக்க வேண்டும். அச்சகத்தில் டைப்செட்டிங் செய்கிற அக்காமார், பாடசாலை ஆசிரியர்கள், சனசமூக நிலையத்துச் செயலாளர்கள் என்று யாருக்கு இதைக் கையில் கொடுத்தாலும் அதே சந்தேகங்கள் வருகின்றன. அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதியிருக்கிறேன். கட்டளைகளின் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் தருகிறேன், டைப் பண்ணும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

இந்தக் கறுப்பு ஜன்னல் என்ன சாமான்? ஹேக் பண்ற ஆக்கள் பாவிக்கிறது தானே?

தேத்தண்ணிக் கடையில் போய் "பிளேன்டீ ஒண்டு, சீனி குறைச்சு, இஞ்சி போட்டு" என்று சொல்கிறீர்களே, அதைத்தான் இந்த ஜன்னலிலும் செய்கிறோம். முதல் சொல், என்ன வேண்டும் என்பது. பிறகு வருவதெல்லாம் எப்படி வேண்டும் என்பது. ஸ்கேன் பண்ணிய பிடிஎஃப்பைச் சொல் தேடக்கூடியதாக்கும் ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற மென்பொருளுக்கு நாம் சொல்வதும் இதே மாதிரித்தான்: ஓசிஆர்மைபிடிஎஃப், மொழி தமிழ், இந்தக் கோப்பை எடு, அந்தப் பெயரில் புதிதாக வை. சொல்லுக்குச் சொல் இடையில் ஒரு இடைவெளி விட்டு, கடைசியில் எண்டர் தட்டினால் சரி.

விண்டோஸில் இதற்கு கமாண்ட் புரொம்ப்ட், பவர்ஷெல், டெர்மினல் என்று மூன்று பெயரைக் காண்பீர்கள், மேக்கில் டெர்மினல் மட்டும். இப்போதைக்கு அந்த வித்தியாசங்கள் உங்களுக்குத் தேவையில்லை.

மவுஸ் இருக்கிற காலத்தில ஏன் இன்னும் இதைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறீங்க?

ஒரு படத்தைத் திருப்ப வேண்டும், ஒரு கடிதம் அடிக்க வேண்டும் என்றால் மவுஸ்தான் நல்லது, யாராவது அதற்கும் டெர்மினல்தான் என்று சொன்னால் கேட்காதீர்கள். ஆனால் 40 புத்தகங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, பொத்தான் அழுத்தி, மொழி தெரிவு செய்து, பெயர் கொடுத்துச் சேமிப்பதை யோசித்துப் பாருங்கள். டெர்மினலில் அது ஒரே வரி, எழுதிவிட்டு நீங்கள் சாப்பிடப் போகலாம்.

இன்னொரு நன்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது. வேலை செய்த வரியை ஒரு கொப்பியில் எழுதி வைக்கலாம், அடுத்த வருடமும் அதே வரி அதே வேலையைச் செய்யும். "மேலே வலப்பக்கம் மூன்று புள்ளி இருக்கும், அதை அழுத்தினா ஒரு பட்டியல் வரும்" என்று சொல்லிக் கொடுத்த பாடம், மென்பொருள் அடுத்த முறை புதுப்பிக்கப்பட்டதும் உதவாமல் போகும்.

கட்டளைக்கெல்லாம் ஏன் இப்பிடி அரைகுறைப் பெயர்? சிடி, எல்எஸ், ஆர்எம்... ஒண்டும் மனசில நிக்குதில்ல.

சிடி ஃபோல்டர் மாறுவதற்கு, எல்எஸ் உள்ளே இருப்பதைக் காட்டுவதற்கு, ஆர்எம் அழிப்பதற்கு. இந்தப் பெயர்கள் 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் தொடங்கிய யுனிக்ஸ் என்ற இயங்குதளத்திலிருந்து வந்தவை. அப்போது பெரும்பாலான கணினிகளுக்குத் திரை இல்லை. தட்டச்சு இயந்திரம் மாதிரி ஒன்று, டெலிடைப், காகிதத்தில் அடித்துக் காட்டும். அதிகம் பாவனையில் இருந்த மொடல் 33 ஒரு வினாடிக்குப் 10 எழுத்துதான் அடிக்கும், விசையும் பாரம். அப்படி ஒரு இயந்திரத்தில் நாள் முழுக்க வேலை செய்கிறவர் இரண்டு எழுத்தில்தான் பெயர் வைப்பார்.

ஆகவே பெயர் மனதில் நிற்காததற்கு உங்கள் மூளையில் குறையில்லை. நானும் பாடமாக்கச் சொல்வதில்லை. உங்கள் வேலைக்கு வேண்டிய மூன்று நான்கு வரிகளை ஒரு தாளில் எழுதி மொனிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள், போதும்.

எண்டர் தட்டினன், ஒண்டும் நடக்கேல்ல. வேலை செய்ததா இல்லையா?

பெரும்பாலும் செய்து முடித்திருக்கும். காகிதத்தில் மெதுவாக அடித்த அந்தக் காலத்தில் தேவையில்லாமல் பேசுவது நேரத்துக்கும் தாளுக்கும் நட்டம், அதனால் சரியாக முடிந்தால் பேசாதே, பிழைத்தால் மட்டும் சொல் என்பது வழக்கமாகிவிட்டது. பழைய வரி, ஃபோல்டர் பெயரோடு உங்களுக்காகக் காத்திருக்கும் வரி, மறுபடி தோன்றினால் வேலை முடிந்தது என்று அர்த்தம். அந்த வரி தோன்றவில்லை என்றால் இன்னும் நடக்கிறது.

இந்த மவுனத்தால் ஒருவர் கஷ்டப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு அலுவலகத்துக்கு நான் எழுதிக் கொடுத்த சின்ன ஸ்கிரிப்ட், அதாவது கட்டளை வரிகளைச் சேர்த்து எழுதிய கோப்பு, முடிந்தாலும் எதுவும் சொல்லாது. அங்கே இருந்த அக்கா, முடிந்ததா இல்லையா என்று தெரியாமல் ஒரே வேலையை ஐந்து தரம் ஓடவிட்டிருக்கிறார், ஒவ்வொரு தரமும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். "எனக்கு இதெல்லாம் ஏலாது தம்பி" என்று தன்னைத்தான் குற்றம் சொன்னார். பிழை என்னுடையது. "முடிந்தது, இத்தனை கோப்பு" என்று காட்டும் ஒரு வரியை அன்றைக்கே சேர்த்தேன், அதற்குப் பிறகு அவர் ஒருநாளும் என்னைக் கூப்பிடவில்லை.

பிழையா ஒரு எழுத்து அடிச்சா கொம்பியூட்டர் பழுதாகிடுமா?

இல்லை. பிழையாக அடித்த சொல் பெரும்பாலும் எந்தக் கட்டளையாகவும் இருக்காது, "அப்படி ஒன்று தெரியாது" என்று சொல்லிவிட்டு நிற்கும். மேல் அம்புக்குறியை அழுத்துங்கள், நீங்கள் அடித்த வரி திரும்ப வரும், திருத்திவிட்டு எண்டர்.

கவனமாக இருக்க வேண்டியவை சில உண்டு. விண்டோஸில் டெல், மேக்கிலும் லினக்ஸிலும் ஆர்எம், இவை அழித்தால் கோப்பு குப்பைத் தொட்டிக்குப் போகாது, போனது போனதுதான். டிஸ்க்கையே வெறுமையாக்கும் ஃபோர்மட் என்ற சொல்லைக் கண்டாலும், வரி சூடோ (முழு அதிகாரத்தோடு செய் என்று பொருள்) என்று தொடங்கினாலும் நிறுத்தி ஒருவரிடம் கேளுங்கள். மற்றபடி என்னுடைய ஒரே கட்டாய விதி: அசல் கோப்பில் ஒருபோதும் வேலை செய்யாதீர்கள், ஒரு பிரதி எடுத்து வேறு ஃபோல்டரில் போட்டு அதில் செய்யுங்கள்.

"உள் கட்டளையாகவோ வெளிக் கட்டளையாகவோ தெரியவில்லை" எண்டு இங்கிலீசில ஏதோ சொல்லுது. ஆனா நான் இன்ஸ்டோல் பண்ணித்தானே இருக்கிறன்!

மூன்றில் ஒன்று. எழுத்துப் பிழை, அதை முதலில் பாருங்கள். அல்லது இன்ஸ்டோல் பண்ணுவதற்கு முன்பே திறந்து வைத்த ஜன்னலில் அடிக்கிறீர்கள், அதை மூடிவிட்டுப் புதிதாகத் திறந்தால் சரியாகிவிடும். மூன்றாவது கொஞ்சம் ஆழமானது: நீங்கள் ஒரு பெயரை அடித்தால் விண்டோஸ் டிஸ்க் முழுவதும் தேடாது, பாத் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, நீங்கள் நிற்கிற ஃபோல்டரையும் அதில் எழுதியிருக்கிற ஃபோல்டர்களையும் மட்டும்தான் பார்க்கும். மென்பொருள் இருக்கிற ஃபோல்டர் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால் இருந்தும் இல்லாத மாதிரித்தான். இன்ஸ்டோல் பண்ணும்போது "பாத்தில் சேர்க்கவா" என்று ஒரு பெட்டி வந்தால் டிக் பண்ணிவிடுங்கள்.

என்ட ஃபோல்டருக்குள்ள எப்பிடிப் போறது? ஒவ்வொரு தரமும் நீளமா அடிக்கவேணுமா?

வேண்டாம். விண்டோஸில் அந்த ஃபோல்டரை வழக்கம்போல மவுஸால் திறந்து, மேலே முகவரி காட்டும் பட்டையில் கிளிக் பண்ணி, சி, எம், டி என்ற மூன்று எழுத்தை அடித்து எண்டர் தட்டுங்கள், கறுப்பு ஜன்னல் நேராக அந்த ஃபோல்டரிலேயே திறக்கும். இதைக் காட்டிக் கொடுத்ததும் முகம் மலராத ஆளை நான் இன்னும் காணவில்லை.

கோப்பின் பெயரையும் அடிக்கத் தேவையில்லை. கோப்பை மவுஸால் இழுத்து ஜன்னலுக்குள் போட்டால் முழுப் பெயரும் தானாக வரும், பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறியும் சேர்ந்தே வரும். கையால் அடிப்பதென்றால் அந்த மேற்கோள் குறி முக்கியம், இல்லாவிட்டால் "பழைய புத்தகம்" என்ற ஒரு கோப்பை அது "பழைய", "புத்தகம்" என்று இரண்டு கோப்பாக நினைக்கும்.

பாதியில நிண்டுட்டுது. அரை மணித்தியாலமா அப்பிடியே இருக்கு.

ஜன்னலுக்குள் மவுஸால் எங்காவது கிளிக் பண்ணினீர்களா? விண்டோஸின் கமாண்ட் புரொம்ப்டில் அப்படிச் செய்தால், நீங்கள் எழுத்தைத் தெரிவு செய்யப் போகிறீர்கள் என்று அது நினைத்து, எழுத்துக் காட்டுவதை நிறுத்திவிடும், ஓடுகிற வேலையும் அதோடு நின்றுபோகும். தலைப்புப் பட்டையில் செலக்ட் என்ற சொல் தெரிந்தால் இதுதான் காரணம். எஸ்கேப் அழுத்துங்கள், விட்ட இடத்திலிருந்து தொடரும். வேலை நடக்கிறதா என்று பார்க்க ஜன்னலைத் தொடுகிற பழக்கம் எல்லோருக்கும் உண்டு, அதனால்தான் இது இத்தனை பேருக்கு நடக்கிறது.

கிளிக் பண்ணவில்லை என்றால் கடைசி வரியை வாசியுங்கள், உங்களிடம் ஏதாவது கேட்டுக்கொண்டு நிற்கலாம். வீடியோ மாற்றுகிற எஃப்எஃப்எம்பெக், அதே பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால் மேலே எழுதவா என்று கேட்டு, சின்ன வை, பெரிய என் என்று இரண்டு எழுத்தைக் காட்டும். பெரிய எழுத்தில் இருப்பது, நீங்கள் சும்மா எண்டர் தட்டினால் எடுத்துக்கொள்ளும் பதில். அங்கே அது "வேண்டாம்".

கொப்பி பண்ணக் கொன்ட்ரோல் சி அடிச்சன், எல்லாம் நிண்டுபோச்சு.

இங்கே கொன்ட்ரோல் சி என்றால் "நிறுத்து". கொப்பி பண்ண முதலில் மவுஸால் எழுத்தைத் தெரிவு செய்ய வேண்டும், தெரிவு செய்த பிறகு விண்டோஸில் அதே விசை கொப்பி பண்ணும். பேஸ்ட்டுக்கு வலது கிளிக். நின்றுபோன வேலையைத் திரும்ப ஓடவிட மேல் அம்புக்குறி, முன்பு சொன்ன மாதிரி.

மேக்கில பாஸ்வேர்ட் கேக்குது, அடிச்சா ஒரு புள்ளியும் வருதில்ல. கீபோர்ட் பழுதா?

கீபோர்ட் நல்லாத்தான் இருக்கிறது. பின்னால் நிற்கிறவர் எத்தனை எழுத்து என்றுகூட எண்ணக் கூடாதென்று வேண்டுமென்றே மறைக்கிறது. முழுவதும் அடித்து எண்டர் தட்டுங்கள். ஆனால் எதற்காகப் பாஸ்வேர்ட் கேட்கிறது என்று தெரியாவிட்டால் கொடுக்காதீர்கள்.

நீங்க வட்ஸ்அப்பில அனுப்பின வரியை அப்பிடியே பேஸ்ட் பண்ணினன், பிழை எண்டுது. உங்களுக்கு மட்டும் எப்பிடி வேலை செய்யுது?

இந்தப் பிரச்சினையில்தான் கூடுதலான நேரம் வீணாகிறது. கட்டளைகளில் இரட்டைக் கோடு அடிக்கடி வரும். வேர்டிலும் ஐஃபோனிலும் இரண்டு கோட்டை அடுத்தடுத்து அடித்தால், அழகு பார்த்து அதை ஒரு நீளக் கோடாக மாற்றிவிடும். நேரான மேற்கோள் குறியையும் வளைந்ததாக்கும். கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான், டெர்மினலுக்கு அவை முற்றிலும் வேறு எழுத்துகள். வட்ஸ்அப்பில் இன்னொன்று: ஒரு சொல்லின் இரண்டு பக்கமும் நட்சத்திரக் குறி வந்தால் தடித்த எழுத்து, கீழ்க்கோடு வந்தால் சாய்ந்த எழுத்து என்று எடுத்துக்கொண்டு, அந்தக் குறிகளைத் திரையில் மறைத்துவிடும்.

அதனால் கட்டளையை அனுப்புகிறவர் நோட்பேடில் எழுதி, அந்தக் கோப்பையே அனுப்ப வேண்டும். வாங்குகிறவர் நோட்பேடில் திறந்து கொப்பி பண்ண வேண்டும். ஸ்கிரீன்ஷொட்டாக அனுப்பாதீர்கள், பார்த்து அடிக்கிறவருக்கு ஆங்கிலச் சிறிய எல் எழுத்தும் ஒன்று என்ற இலக்கமும் ஒன்றாகத்தான் தெரியும்.

பேப்பரில இருந்த மாதிரியே அம்புக்குறி அடைப்பெல்லாம் போட்டுத்தான் அடிச்சன். பிறகும் பிழை.

வழிகாட்டிகளில் கோணமாக வளைந்த அடைப்புக்குள் "கோப்பின் பெயர்" என்று எழுதியிருந்தால், அந்த இடத்தில் உங்கள் கோப்பின் பெயரைப் போடு, அடைப்பைப் போடாதே என்று அர்த்தம். சதுர அடைப்புக்குள் இருப்பது, விரும்பினால் மட்டும் போடக்கூடியது. வரியின் தொடக்கத்தில் டொலர் குறி இருந்தால் அதுவும் அடிப்பதற்கல்ல. இதையெல்லாம் எழுதுகிறவர்கள் சொல்லித் தருவதில்லை, எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

கோண அடைப்பை அப்படியே அடிப்பது ஆபத்தும்கூட. வலது பக்கம் பார்க்கும் குறிக்கு டெர்மினலில் "விளைவை இந்தக் கோப்பில் எழுது" என்று பொருள், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால் உள்ளே இருந்ததைக் கேட்காமல் அழித்துவிட்டு எழுதும். பிரதியில்தான் வேலை செய்யுங்கள் என்று முன்பு சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

தமிழ்ப் பெயர் வச்ச கோப்பெல்லாம் பெட்டி பெட்டியாத் தெரியுது. கெட்டுப்போச்சா?

கெடவில்லை. அந்த ஜன்னல் ஒவ்வொரு எழுத்தையும் ஒரே அளவுக் கட்டத்தில் வைப்பதற்காகச் செய்யப்பட்டது. தமிழில் "கொ" என்று எழுதினால் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வரும், கட்டம் அதற்குப் போதாது, பல நேரம் அந்த ஜன்னலின் எழுத்துருவில் தமிழே இருக்காது. கோப்பு பத்திரமாக இருக்கிறது. பெயரை அடிக்க முயலாமல் இழுத்துப் போடுங்கள்.

ஸ்கேன் பண்ணின பக்கத்தில தமிழும் சிங்களமும் இங்கிலீசும் கலந்து கிடக்கு. என்ன செய்யிறது?

அரச படிவங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஓசிஆர்மைபிடிஎஃப் உள்ளுக்குள் பாவிப்பது டெசராக்ட் என்ற எழுத்துணரி. எச்பி நிறுவனத்தில் 1985இல் தொடங்கி, 2005இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அதற்கு தமிழும் தெரியும், சிங்களமும் தெரியும், மொழித் தரவை மட்டும் தனியாக இறக்க வேண்டும். மூன்று மொழிகளின் சுருக்கக் குறிகளையும் நடுவில் கூட்டல் குறி போட்டு, இடைவெளி விடாமல் கொடுத்தால் சேர்த்துப் பார்க்கும். ஆனால் பக்கத்தில் இல்லாத மொழியைச் சேர்க்காதீர்கள், வேகமும் குறையும், தேவையில்லாத குழப்பமும் வரும்.

"இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே எழுத்து இருக்கிறது" என்று சொல்லி நின்றுவிட்டால் பயப்படாதீர்கள். முன்பே யாரோ எழுத்துணரி ஓடவிட்ட பிடிஎஃப், அல்லது கணினியிலேயே அடித்து எடுத்த பிடிஎஃப் அது, நல்ல வேலையைக் கெடுக்காமல் நிற்கிறது.

பாமினியை மாத்தினா தமிழ் வடிவா வருது, ஆனா ஈமெயில் முகவரியும் இங்கிலீஸ் பெயரும் சிதைஞ்சு போகுது. ஏன்?

பாமினியில் உண்மையில் தமிழ் எழுத்து கிடையாது, ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உடுப்புப் போட்டது. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று அடித்தால் திரையில் "அம்மா" தெரியும், உள்ளே இருப்பது அந்த ஐந்து ஆங்கிலக் குறிகளும்தான். எழுத்துருத் தகவல் இல்லாத வெறும் எழுத்தைக் கொடுத்தால், எது நிஜமான ஆங்கிலம், எது உடுப்புப் போட்டது என்று மாற்றிக்குத் தெரிய வழியே இல்லை. வேர்ட் கோப்பாகவே எடுத்து, பாமினி எழுத்துரு உள்ள பகுதியை மட்டும் மாற்றுகிற கருவிதான் வேண்டும். அது இல்லாவிட்டால் ஆங்கிலப் பகுதிகளை முன்கூட்டியே குறித்து வைத்துக் கையால் திருத்த வேண்டும்.

சாட்ஜிபிடி தந்த கட்டளையை அப்பிடியே போடலாமா?

முதலில் ஒவ்வொரு சொல்லும் என்ன செய்கிறது என்று அதையே தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அழிப்பது, மேலே எழுதுவது ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத ஒரு தெரிவை (எப்படி வேண்டும் என்று கட்டளையோடு சேர்க்கும் சொல்லை) இருப்பதாகச் சொல்லும் பழக்கம் அதற்கு உண்டு, ஆகவே இதையும் ஒரே ஒரு பிரதிக் கோப்பில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் 40 கோப்புக்கும்.

ஆனால் ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. ஏதாவது இணையப் பக்கம், நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் அழுத்தி, வரும் பெட்டியில் பேஸ்ட் பண்ணி எண்டர் தட்டுங்கள் என்று சொன்னால், அந்தப் பக்கத்தை உடனே மூடுங்கள். உங்களுக்குத் தெரியாமல் கொப்பி பண்ணி வைத்த கட்டளையை உங்கள் கையாலேயே ஓடவைத்து, பாஸ்வேர்டுகளைத் திருடும் மோசடி அது. எந்த உண்மையான தளமும் அப்படிக் கேட்காது.

ஜன்னலே இல்லாம, டபுள் கிளிக் பண்ணினா வேலை நடக்கிற மாதிரிச் செய்து தர ஏலாதா?

ஏலும், தினமும் ஒரே வேலை செய்கிறவருக்கு நான் செய்து கொடுப்பது அதைத்தான். கட்டளை வரியை, கோப்பின் பெயர் வரவேண்டிய இடத்தில் சதவீதக் குறியும் ஒன்று என்ற இலக்கமும் போட்டு, நோட்பேடில் எழுதி, பெயரின் முடிவில் புள்ளி பேட் என்று போட்டுச் சேமித்தால், அது ஒரு பொத்தான் மாதிரி. பிடிஎஃப்ஐ இழுத்து அதன் மேல் போட்டால் வேலை தொடங்கும். கடைசி வரியாக போஸ் என்ற கட்டளையைச் சேர்க்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பிழை வந்தாலும் வாசிக்க முன்பே ஜன்னல் மூடிவிடும். அந்தக் கோப்புக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், "பிடிஎஃப்ஐ இதன் மேல் போடவும்" என்று.

கட்டளைகளையே தமிழாக்கிவிட்டால் எல்லாப் பிரச்சினையும் தீருமே?

எனக்கும் ஒரு காலத்தில் அந்த ஆசை இருந்தது, இப்போது குறைந்துவிட்டது. கட்டளையின் பெயர் மூன்று நான்கு எழுத்து, அது தாளில் ஒட்டியிருக்கிறது. ஆட்கள் தடுமாறுவது அங்கே இல்லை, மென்பொருள் பதில் சொல்லும்போதுதான். ஆகவே விளக்கங்களையும் பிழைச் செய்திகளையும் தமிழாக்குங்கள், அதுவும் ஆட்கள் கதைக்கிற சொல்லில். "அடைவு" என்றால் யோசிக்கிறார்கள், "ஃபோல்டர்" என்றால் கை தானாகப் போகிறது. மூல ஆங்கிலப் பிழை வரியையும் கீழே அப்படியே விட்டுவிடுங்கள், இணையத்தில் தேடுவதற்கு அதுதான் உதவும். தமிழ் பெட்டியாகத் தெரியும் ஜன்னல்களுக்கு, விளக்கத்தை அச்சடித்த தாளாகக் கொடுப்பது இன்னும் பாதுகாப்பு.

நான் கருவி எழுதுற ஆள். சாதாரண ஆக்களுக்கு விளங்க முதல்ல எதை மாத்தவேணும்?

வெறும் பெயரை மட்டும் அடித்தால் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். பல கருவிகள் அங்கே அடைப்புக்குறிகளால் ஒரு இலக்கணச் சூத்திரத்தைக் காட்டுகின்றன. அதற்குப் பதிலாக, அப்படியே கொப்பி பண்ணி ஓட்டக்கூடிய ஒரு உதாரணத்தை முதல் வரியில் வையுங்கள், மிச்சமெல்லாம் அதற்குக் கீழே. ஒற்றை எழுத்துத் தெரிவுகளோடு முழுச் சொல்லையும் வையுங்கள். ஓசிஆர்மைபிடிஎஃப்இல் மொழிக்கு எல் என்ற ஒற்றை எழுத்தும் உண்டு, லாங்குவேஜ் என்ற முழுச் சொல்லும் உண்டு, நான் தாளில் எழுதுவது எப்போதும் முழுச் சொல்லைத்தான், காரணம் வட்ஸ்அப் கேள்வியில் சொன்னதுதான், எல் எழுத்தும் ஒன்று என்ற இலக்கமும் ஒன்றாகத் தெரியும்.

பிழைச் செய்தியில் மூன்று விஷயம் வேண்டும்: என்ன நடந்தது, எந்தக் கோப்பில், இனி என்ன செய்யலாம். "கோப்பு இல்லை" என்று மட்டும் சொன்னால் போதாது, எந்த ஃபோல்டரில் தேடினாய் என்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆள் நிற்பது பெரும்பாலும் பிழையான ஃபோல்டரில்தான். அப்புறம், இருக்கிற கோப்பின் மேல் கேட்காமல் எழுதாதீர்கள். எழுதி முடித்த பிறகு, நிரலாக்கம் தெரியாத ஒருவரைப் பக்கத்தில் இருத்தி, நீங்கள் வாய் திறக்காமல், அவர் அடிப்பதைப் பாருங்கள். அவர் எங்கே நின்று உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அங்கே ஒரு வரி குறைகிறது.

ஆள் மட்டக்களப்பில, நான் கொழும்பில. போனில சொல்லி எப்பிடிச் செய்ய வைக்கிறது?

"நான் சொல்லும் வரைக்கும் எண்டர் தட்டாதீங்க" என்று தொடங்குங்கள். எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது இடைவெளியையும் ஒரு எழுத்தாகவே சொல்லுங்கள், "இப்ப ஒரு ஸ்பேஸ்" என்று, ஏனென்றால் கேட்கிறவர் அதை எழுத்தென்று நினைப்பதில்லை. சாய்கோடு வந்தால் எந்த விசையில் இருக்கிறது என்று இடம் சொல்லுங்கள். கோப்புப் பெயர் வந்தால் இழுத்துப் போடச் சொல்லுங்கள். முடிந்ததும் திரையில் உள்ளதை அவரையே வாசிக்கச் சொல்லி, எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு எண்டர். பிழைத்தால் ஜன்னல் முழுவதும் தெரிகிற மாதிரி ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள், பிழை வரி மட்டும் போதாது, அவர் அடித்த வரியும் படத்தில் இருக்க வேண்டும்.